"எப்ப முடியும்?" என்ற கேள்விக்கு நேர்மையா எப்படிப் பதில் சொல்றது?

சாஃப்ட்வேர் வேலைல இருக்கற எல்லாரும் அடிக்கடி சந்திக்கற ஒரு கேள்வியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம். "இது எப்ப முடியும்?"

நாம "மூணு வாரம்"னு சொல்றோம். சொல்லும்போது "எல்லாம் சரியா நடந்தா, ஏறக்குறைய"ங்கற நிபந்தனை நம்ம மனசுல இருக்கு. ஆனா அது வாயைவிட்டு வெளியே வர்றதில்ல. மேனேஜர் அதை 24-ஆம் தேதின்னு எழுதிக்கறார். சேல்ஸ்ல இருக்கறவங்க அதையே வாடிக்கையாளர்கிட்ட சொல்லிடறாங்க. அவர் அதை நம்பி விளம்பரத்துக்குப் பணம் கட்டிடறார். வெறும் எஸ்டிமேட்டா இருந்தது மூணு கை மாறினதும் வாக்குறுதியா ஆயிடுது. அப்புறம் யாரோட சனி, ஞாயிறு பறிபோகும்னு உங்களுக்கே தெரியும்.

இது சோம்பேறித்தனமோ திறமைக்குறைவோ இல்லை. மனுஷங்க கணக்குப் போடற விதமே இப்படித்தான். 1994-ல ப்யூலர், கிரிஃபின், ராஸ்னு மூணு உளவியல் ஆய்வாளர்கள், கல்லூரி மாணவர்கள்கிட்ட "உங்க ஆய்வேட்டை எப்ப முடிப்பீங்க?"ன்னு கேட்டாங்க. சராசரியா வந்த பதில் சுமார் 34 நாள். "எல்லாமே மோசமா நடந்தா?"ன்னு கேட்டப்ப சுமார் 49 நாள். உண்மையில ஆனது 55 நாளுக்கும் மேல! மோசமா நடந்தா எவ்வளவு ஆகும்னு யோசிச்சுச் சொன்ன கணக்கே பத்தல.

நம்ம துறைக்கு வருவோம். பேரி போம் 1981-ல எழுதின புத்தகத்துல, ஒரு திட்டத்தோட ஆரம்பக் கட்டத்துல போடற கணக்கு நாலு மடங்கு கூடவோ, நாலுல ஒரு பங்காவோ போகலாம்னு காட்டினார். வேலை நகர நகர அந்த இடைவெளி குறையும். அந்தப் படத்தைத்தான் இப்ப 'நிச்சயமின்மைக் கூம்பு'ன்னு சொல்றாங்க. இதுல கவனிக்க வேண்டியது, கூம்பு தானா குறுகாது. தெரியாத விஷயங்களை ஒவ்வொண்ணா நாம தெரிஞ்சுக்கிட்டாத்தான் குறுகும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு ஆன்லைன் கடைக்குப் பேமென்ட் கேட்வே இணைக்கணும். எல்லாம் நல்லபடியா போனா 8 வேலை நாள். பெரும்பாலும் 15 நாள். சிக்கல் வந்தா 40 நாள். அமெரிக்கக் கடற்படை 1958-ல போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கின 'பெர்ட்' முறைப்படி, நடு எண்ணை நாலால பெருக்கி, மத்த ரெண்டையும் கூட்டி, ஆறால வகுக்கணும். 18 நாள் வருது. பெரும்பாலும் ஆகும்னு நினைச்ச 15-ஐவிடவே 3 நாள் அதிகம்.

சரி, 18-னு சொல்லிட்டு வந்துடலாமா? கூடாது. அப்பவும் அந்த 40 மறைஞ்சுதானே போகுது? அதனால இப்படிச் சொல்லிப் பாருங்க:

"பெரும்பாலும் மூணுலேருந்து நாலு வாரம். எட்டு வாரம் வரைக்கும் இழுக்க வாய்ப்பு இருக்கு. காரணம் ரெண்டு. பழைய ஆர்டர் கோடுல ரீஃபண்ட் எப்படி நடக்குதுன்னு இன்னும் பார்க்கல. லைவ் அக்கவுண்ட் ஒப்புதல் நம்ம கையில இல்ல. முதல் நாலு நாள்ல ரீஃபண்ட் கோடைப் பார்த்துடறேன், ஒப்புதலுக்கு இன்னைக்கே விண்ணப்பிச்சிடலாம். வெள்ளிக்கிழமை இதைவிடத் துல்லியமான கணக்கு தர்றேன்."

இதுல மூணு விஷயம் இருக்கு: ஒரு வரம்பு, அந்த வரம்புக்கான காரணம், அடுத்த கணக்கு எப்ப வரும்ங்கற தேதி. வரம்பை மட்டும் சொன்னா நழுவற மாதிரி தெரியும். காரணத்தோட சொன்னா, கேக்கறவரே உதவி பண்ண முடியும். ஒப்புதலுக்கு வேண்டிய ஆவணங்களை அவரே அன்னைக்கே அனுப்பி வைக்கலாம்.

"பாதுகாப்புக்கு நானே ரகசியமா ரெண்டு வாரம் சேர்த்துச் சொல்லிடுவேன்"னு சிலர் சொல்வாங்க. கொஞ்ச நாள்ல மேனேஜருக்கு அது புரிஞ்சிடும். நீங்க எதைச் சொன்னாலும் அதுல பாதியை வெட்டிடுவார். அப்புறம் உண்மையான கணக்கைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க.

"எனக்கு ஒரே ஒரு தேதிதான் வேணும்"னு வாடிக்கையாளர் பிடிவாதமா கேட்டா? அந்தத் தேதி அவருக்கு ஏன் முக்கியம்னு முதல்ல கேளுங்க. தீபாவளி விற்பனைக்காகன்னா, அதுக்குள்ள பணம் வாங்கற பகுதி மட்டும் போதுமா, ரீஃபண்டைக் கொஞ்ச நாளைக்கு ஆளை வெச்சுச் சமாளிக்கலாமான்னு பேசலாம். தேதி மாறக்கூடாதுன்னா வேலையோட அளவு மாறணும். ரெண்டையும் கட்டிப்போட்டா தரம்தான் அடிவாங்கும்.

கடைசியா ஒண்ணு. மேனேஜரா இருக்கறவங்களுக்கு இது. டீம்ல ஒருத்தர் "எட்டு வாரம்கூட ஆகலாம்"னு சொன்னா, உடனே முகத்தைச் சுளிக்காதீங்க. சுளிச்சா அடுத்த தடவை அவர் உங்களுக்குப் பிடிச்ச எண்ணைத்தான் சொல்வார். உண்மை உங்களுக்குக் கடைசி வாரத்துலதான் தெரியவரும். அப்ப உங்களால செய்யக்கூடியது எதுவும் இருக்காது.

உங்க டீம்ல இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்றீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.