ஒரே நாள் பயணம் இனிப்பது திட்டமிட்டுப் போவதாலே!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘ஒரே நாள் குடும்பப் பயணம் இனிப்பது திட்டமிட்டுப் போவதாலா? போகிற போக்கில் போவதாலா?’ இடம்: விளாத்திகுளம். ‘திட்டமிட்டுப் போவதாலே’ அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி, “வண்டி இருக்கு, ரோடு இருக்கு, ஏறி உக்கார வேண்டியதுதானே! பேப்பரும் பேனாவும் எதுக்கு? இது பயணமா, பரீட்சையா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நான் இங்கே இருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தட்டின கை பூராவும் ஆம்பளைங்க கை. (சிரிப்பு)

தாய்மார்கள் ஏன் தட்டவில்லை? ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் வருவார். “ஏய், நாளைக்குக் காலையில எல்லாருமா கிளம்புறோம்” என்பார். சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். அவருக்கு அது திடீர் சந்தோஷம். பத்து மணிக்குப் புளியை ஊறப் போட்டு, மூணு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கை வறுத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மாமியார் மாத்திரையைத் தேடி எடுத்து வைத்து, கடைசி ஆளாக வண்டியில் ஏறுவாள். ஏறினதும் அவர் என்ன கேட்பார் தெரியுமா? “கிளம்புறதுக்கு இவ்வளவு நேரமா?” (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

இப்போ தட்டினது தாய்மார்கள் கை! ஐயா, என் கட்சி இவ்வளவுதான். திட்டமில்லாத பயணத்திலும் ஒரு சுகம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுகம் ஒருத்தருக்கு. அதற்கான செலவை வேறு யாரோ கட்டுகிறார்கள். அந்த ‘வேறு யாரோ’ யார் என்று காட்டத்தான் வந்திருக்கிறேன்.

முதல் ஆள், பெண். சமையலை விடுங்கள். பங்குனி, சித்திரை வெயில். நம்ம ஊர் ரோட்டிலே நிழல் உண்டா? ரெண்டு பக்கமும் வேலிக்கருவை. விட்டால் வெட்டவெளி. அந்தக் காந்தலிலே நம் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து வருகிறார்கள். ஏன்? குடித்தால் இறங்க வேண்டும். இறங்க இடம் எங்கே? போகிற போக்கில் போகிற அண்ணாச்சிக்கு ஊரெல்லாம் இடம். (சிரிப்பு) அம்மாவுக்கும் அக்காவுக்கும் வயசுக்கு வந்த பிள்ளைக்கும்? எந்தப் பெட்ரோல் பங்கில், எந்த ஓட்டலில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது, எத்தனை மணிக்கு அங்கே நிற்போம் என்று முன்கூட்டியே முடிவு செய்வதற்குப் பேர்தான் திட்டம். அது பரீட்சை இல்லை அண்ணாச்சி, மரியாதை! (பலத்த கைதட்டல்)

அடுத்து, அண்ணாச்சி ஒரு பட்டியல் வாசித்தார். காலையில் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. அப்புறம் கோவில்பட்டி, கழுகுமலை. அங்கேயிருந்து கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. அப்படியே வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி பனிமய மாதா கோயில். கடைசியாகத் திருச்செந்தூர். ராத்திரிக்குள் விளாத்திகுளம்! எட்டு ஊர். கேட்கும்போது எனக்கே ஆசையாகத்தான் இருந்தது.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? இந்தச் சுற்று 250 கிலோமீட்டருக்கு மேலே வரும். நாலுவழிச் சாலையும் உண்டு, நடுவிலே கிராமத்து ரோடும் உண்டு. சராசரி ஐம்பது கிலோமீட்டர் வேகம் என்றால் ஓட்டுவதற்கு மட்டும் அஞ்சு மணி நேரம். எட்டு ஊருக்கு ஊருக்கு ஒரு மணி என்றால் எட்டு. ஆச்சா, பதிமூணு. காலைப் பலகாரம், மத்தியானச் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து ரெண்டு. மொத்தம் பதினஞ்சு மணி நேரம்! காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பது. அதுவும் சின்னவன் வாந்தி எடுக்காமல் இருந்தால், டயர் பஞ்சர் ஆகாமல் இருந்தால், பெரியப்பா ஊர் ஊருக்குப் பழைய சிநேகிதரைப் பார்க்காமல் இருந்தால்! (சிரிப்பு)

போகிற போக்கில் அலைவது எப்படி இருக்கும் என்று கட்டபொம்மனைக் கேட்டால் சொல்லியிருப்பார் ஐயா. 1798-ஆம் வருஷம். ‘வந்து என்னைப் பார்’ என்று கலெக்டர் ஜாக்சன் துரை ஆள் அனுப்பினார். இவர் போனார். துரை அந்த ஊரில் நிற்கவில்லை, அடுத்த ஊருக்குப் போய்விட்டார். இவர் அங்கே போனால் அவர் அதற்கடுத்த ஊரில். குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராக அலைய விட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில்தான் பார்த்தார். அந்தச் சந்திப்பு எப்படி முடிந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தன் இஷ்டத்துக்கு இன்னொருத்தன் அலைவது பயணம் இல்லை ஐயா, அவமானம்! (கைதட்டல்)

வள்ளுவர் என்ன செய்தார்? பொருட்பாலில் நாலு அதிகாரத்தை அடுத்தடுத்து வைத்தார். நாற்பத்தேழாவது, தெரிந்து செயல்வகை. நாற்பத்தெட்டு, வலியறிதல். நாற்பத்தொன்பது, காலம் அறிதல். ஐம்பது, இடன் அறிதல். அரசனுக்குச் சொன்னதுதான். ஆனால் குடும்பத்தை வேனில் ஏற்றுகிற ஒவ்வொருத்தருக்கும் இது பொருந்தும். யோசித்துச் செய், உன் பலம் தெரிந்துகொள், நேரம் தெரிந்துகொள், இடம் தெரிந்துகொள். இதைவிடப் பெரிய பயணத் திட்டம் உண்டா?

இடத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு ஊரை நாலாகக் குறைக்கிறேன். திட்டம் என்றால் எதைப் பார்ப்பது என்று எழுதுவது மட்டும் இல்லை, எதை இன்றைக்கு விடுவது என்று முடிவு செய்வதும்தான். தெற்குப் பக்கத்து ஊர்களை இன்னொரு நாளைக்கு வைத்துவிட்டேன். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எங்கேயும் ஓடிவிடாது. மேற்கே எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை, கயத்தாறு. இந்த நாலு போதும்.

எதை முதலில் பார்ப்பது? அண்ணாச்சி பக்கத்திலே இருக்கிற எட்டயபுரத்தில் ஆரம்பித்தார். நான் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பி நேரே கழுகுமலை. ஏன்? அங்கே வெட்டுவான் கோயில் பார்க்கப் பாறை ஏற வேண்டும். காலையில் கல் குளிர்ந்து கிடக்கும். மத்தியானம் போனால் தோசைக்கல்! (சிரிப்பு) கீழே முருகன் சந்நிதி. மத்தியானம் போனால் நடை சாத்தியிருக்கும். அடுத்து கயத்தாறு. அங்கேயிருந்து நாலுவழிச் சாலையில் கோவில்பட்டி வந்து மத்தியானச் சாப்பாடு. நிழலில் ஒரு மணி நேரம் ஓய்வு. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின கடலைமிட்டாய், அதிலே ரெண்டு கிலோ. வெயில் தாழ்ந்த பிறகு எட்டயபுரம். பாரதி வீடு, 1947-ல் திறந்த மணிமண்டபம். அங்கே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லலாம். சொல்லி முடித்தால் வீடு இன்னும் பதினேழு கிலோமீட்டர்தான்!

தூரத்து ஊர் காலையில், பக்கத்து ஊர் சாயங்காலம். உடம்பு தெம்பாக இருக்கும்போது நீளமான ரோடு. உடம்பு சோரும்போது வீடு கிட்டே. இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், காகிதம்கூட வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன்னால் கூடத்திலே உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினால் போதும். (கைதட்டல்)

அந்த வெட்டுவான் கோயிலையே பாருங்கள். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்து வேலை. ஒரே பாறை. அதை மேலேயிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். முதலில் விமானம், அப்புறம்தான் சுவர். போகிற போக்கில் செதுக்க முடியுமா? உளி ஒரு இடத்திலே தவறினால் ஒட்டுப் போட முடியுமா? ‘அந்தக் கோயிலை முடிக்கலையே’ என்று எதிரணி அக்கா அங்கேயிருந்து கேட்கிறார். ஆமாம் அக்கா, முடிக்கவில்லை. முடிக்காமலே ஆயிரத்து இருநூறு வருஷமாக நிற்கிறது! திட்டம் போட்டுச் செய்த வேலை பாதியில் நின்றாலும் பார்க்க ஊரே வரும்! (நீண்ட கைதட்டல்)

அண்ணாச்சியோட பெரிய வாதத்துக்கு வருகிறேன். “ரோட்டோரம் நுங்கு வெட்டுறான். சட்டுனு நிறுத்தி எறங்கி, பனையோலையில வாங்கிச் சாப்பிடுற சுகம் உங்க திட்டத்துல வருமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் எட்டு ஊர் பாக்கி வைத்திருக்கிறவன் நுங்குக்கு நிறுத்துவானா? “ஏற்கெனவே லேட்டு, வரும்போது பாத்துக்கலாம்” என்பான். வரும்போது இருட்டியிருக்கும். நுங்குக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். நாலு ஊரோடு நிறுத்தினவனிடம்தான் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும். நேரம் மிச்சம் வைத்தவனுக்குத்தான் ஐயா நுங்கு! (பலத்த கைதட்டல்)

அந்த மிச்ச நேரத்தினால் பயன் பெறுகிற இரண்டாவது ஆள், வீட்டுப் பெரியவர்கள். சர்க்கரை வியாதிக்கு ஊசி போடுகிற பாட்டிக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் ஒரு மணிக்குச் சாப்பாடு. “அடுத்த ஊர்ல நல்ல ஓட்டல் இருக்கு” என்று மூணு மணி வரைக்கும் இழுத்தால் பாட்டிக்குக் கண் இருட்டும். அவர்கள் வாய் திறந்து கேட்கவும் மாட்டார்கள். “பிள்ளைக சந்தோஷமா வந்திருக்கு, நம்ம கெடுக்கக் கூடாது” என்று பொறுத்துக்கொண்டு வருவார்கள்.

மூன்றாவது ஆள். சிரித்தது போதும் ஐயா, இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்.

வேன் ஓட்டுகிற ஒரு தம்பி என்னிடம் சொன்னார்: “அக்கா, முந்தின ராத்திரி கல்யாணச் சவாரி. விடியக்காலம் நாலு மணிக்கு வண்டியைக் கழுவிட்டு அடுத்த குடும்பத்தை ஏத்துவேன். வண்டியில ஏசி இருக்கா, பாட்டுப் பெட்டி இருக்கான்னு கேப்பாங்க. ராத்திரி தூங்குனியா தம்பின்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்லக்கா.” (அமைதி)

நம்ம நாட்டிலே சட்டம் இருந்தது. 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை. அஞ்சு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்றது. நடுவிலே குறைந்தது அரை மணி நேர ஓய்வு. அறுபது வருஷத்துக்கு மேலாக நடப்பில் இருந்த சட்டம். அண்ணாச்சியோட எட்டு ஊர்ப் பட்டியல் பதினஞ்சு மணி நேரம்! சொந்தக் காரை நம்ம மகன் ஓட்டினால் மட்டும் உடம்பு வேற கணக்கா சொல்லும்?

நம்ம ரோடு எப்படிப்பட்ட ரோடு? வளைவு இல்லை, ஏற்றம் இல்லை, நேரே கோடு போட்ட மாதிரி போகும். மலைப்பாதையில் பயத்திலேயே முழித்திருப்பான். இந்தச் சமவெளியில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் உடம்பே தூக்கத்தைக் கேட்கும் நேரம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். நாலு விநாடி கண் அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர். வண்டி போகிறது, ஓட்டுகிறவர் இல்லை. பின்னால் பதினஞ்சு பேர் அந்தாக்ஷரி பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை சொல்கிறது: 2022-ஆம் வருஷத்தில் மட்டும் நாடு முழுக்க 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். நாள் ஒன்றுக்கு 49 பேர். அதிகமான விபத்து எந்த நேரத்தில் தெரியுமா? சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும். ‘இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்’ என்று எல்லோரும் விரட்டுகிற நேரம். எட்டு ஊர் சுற்றினால், நீங்கள் நெடுஞ்சாலையில் இருப்பதும் சரியாக அந்த நேரம். நாலு ஊரோடு நிறுத்தினால், அந்த நேரம் நீங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான் ஐயா. அந்த வித்தியாசத்துக்குப் பேர் திட்டம்.

அதனால் தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே, அடுத்த தடவை குலதெய்வத்துக்கோ, காதுகுத்துக்கோ, சும்மா ஊர் பார்க்கவோ கிளம்பும்போது மூணு கேள்வி கேளுங்கள். “தம்பி, நேத்து ராத்திரி தூங்குனியா?” “பெரியவங்க எத்தனை மணிக்குச் சாப்பிடணும்?” “பொம்பளைங்க எங்கே எறங்கணும்?” இந்த மூணுக்கும் பதில் கிடைத்த பிறகு வண்டியை எடுங்கள். சீட் பெல்ட்டைப் பின்னால் இருக்கிறவர்களும் போடுங்கள். அப்புறம் ஆடுங்கள், பாடுங்கள், நுங்கு சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்!

எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பி வருகிற பயணம்தான் இனிக்கும். அந்த இனிப்பைத் தருவது திட்டமிட்டுப் போவதே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயா அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.  (நீண்ட கைதட்டல்)