புகையாய்ப் போகும் செல்வம்
(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மார்கழியில் நம்ம மேல் டிவிஷன் லயத்தில் நடந்த சங்கதி உங்களில் பல பேருக்குத் தெரியும். பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகாத ஒரு தங்கச்சி. வெளியே பனி கொட்டுகிறது. பச்சைப் பிள்ளைக்குக் குளிருமே என்று மாமியார் அடுப்பிலிருந்த தணலைச் சட்டியில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்தார். கதவுச் சந்து, ஜன்னல் சந்து எல்லாவற்றையும் சாக்கால் அடைத்துவிட்டுப் படுத்தார்கள். விடியற்காலை பெரட்டுக்குப் புறப்பட்ட பக்கத்து வீட்டு அண்ணன் கதவைத் தட்டியிருக்கிறார். சத்தமே இல்லை. கதவை உடைத்து மூன்று பேரையும் வெளியே தூக்கிக் கிடத்தியதால் உயிர் தப்பியது. பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "ஐயா, தணல்ல புகையே இல்லையே, அது எப்படி எங்கள மயக்கிச்சு?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது காத்தான்குடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி, நடுவே வீடும் கடையும் நெருக்கி நிற்கும் ஊர். விறகுக்குக் காடு கிடையாது. அதனால் சிரட்டை, பொச்சுமட்டை, தென்னோலை எதையும் உம்மா எறிய விடமாட்டார். வாப்பாவின் தையற்கடை இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக்கரி வேண்டும். வளவின் மூலையில் குழி வெட்டி, சிரட்டையைக் கொளுத்தி, மேலே மேலே போட்டு நிரப்புவார். வெள்ளைப் புகை அடங்கி வரும்போது தகரத்தால் மூடி, விளிம்பில் மண் அணைத்துவிடுவார். நன்றாக ஆறிய பிறகு திறந்தால் கன்னங்கரேலென்று கரி. ஆனால் மூன்று சாக்குச் சிரட்டைக்கு ஒரு சாக்குக் கரிகூடத் தேறாது. "மிச்சம் எங்க வாப்பா?" என்று கேட்டால், "புகையாப் போய்த்து மகன்" என்பார்.

அந்தப் புகைக்குள்ளே என்ன போனது என்று வளர்ந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சிரட்டையோ, கவ்வாத்து மிலாறோ, எந்த மரமானாலும் மூன்று சரக்கால் ஆனது. பொதுவாக மரத்தில் நார் போன்ற செலுலோசு ஏறத்தாழப் பாதி. அதோடு சேர்ந்த அரைச்செலுலோசு கால்வாசி. இவற்றைப் பசைபோல் ஒட்டிப் பிடிக்கும் இலிக்னின் மற்றக் கால்வாசி. காற்றுப் படாமல் சூடாக்கினால் இவை உடைந்து, ஒரு பகுதி கரியாக நிற்கும். மற்றப் பகுதி ஆவியாகக் கிளம்பும். அந்த ஆவியைக் குழாயில் விட்டுக் குளிரவைத்தால் தார் வரும், புளித்த நீர் வரும். புளித்த நீருக்குள் வினாகிரியில் இருக்கும் அசற்றிக் அமிலமும், மெதனோல் என்ற மரச்சாராயமும் இருக்கின்றன. இந்த மரச்சாராயம் கண்ணைக் குருடாக்கும், ஆளைக் கொல்லும் நஞ்சு. வாயில் வைக்கும் பொருள் அல்ல. ஆனால் தொழிற்சாலைக்குத் தேவையான சரக்கு.

இது கதை இல்லை. மைசூர் இராச்சியத்தில், பத்ராவதி இரும்பு ஆலை 1923இல் உற்பத்தி தொடங்கியபோது உலைக்கு மரக்கரிதான் எரித்தார்கள். கரி சுடும்போது வந்த புகையை விட்டுவிடாமல் பிடித்து அமிலமும் மெதனோலும் எடுத்தார்கள். அமெரிக்காவில் 1922இல் ஓட்ஸ் தானியத்தின் உமியிலிருந்து பேபியூரல் என்ற இரசாயனத்தை வியாபாரமாக எடுக்கத் தொடங்கினார்கள். மாட்டுத் தீவனமாகவும் அதிகம் மதிப்பில்லாத உமி அது.

நம் நாட்டுக்கு வாருங்கள். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வாழைச்சேனையில் 1950களில் தொடங்கிய கடதாசி ஆலை, வயலில் கிடந்த வைக்கோலைக் காரத்தில் அவித்து, பசையைப் பிரித்து, நாரை எடுத்துக் கடதாசி செய்தது. 1973இல் தொடங்கிய ஹேகார்ப் கம்பனி, சிரட்டைக்கரியை நீராவியில் மேலும் சூடாக்கி உயிர்ப்பூட்டிய கரியாக்கி உலகத்துக்கு விற்கிறது. அந்தக் கரியில் ஒரு கிராமுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விரித்தால் ஆயிரம் சதுர மீற்றர் அளவு பரப்பு வரும். குடிநீரின் அழுக்கும் கெட்ட வாடையும் அதில் ஒட்டிக்கொள்ளும். வாப்பா இஸ்திரிப் பெட்டியில் போட்ட அதே சிரட்டைதான்!

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். விறகில் புகை தருவது பெரும்பாலும் அந்த ஆவியும் தாரும்தான். தணலில் அவை முன்னமே போய்விட்டன. அதனால் கண் எரியாது, இருமல் வராது. ஆனால் காற்றுப் போதாமல் தணல் எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், வாந்தி வரும், தூக்கம்போல் மயக்கம் வரும், அப்படியே உயிர் போகும். வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் உலக யுத்தத்தில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதே வாயுவைக் கரி உலையில் உண்டாக்கிக் குழாய் வழியே விட்டு பஸ், லொறி ஓட்டினார்கள். குழாய்க்குள் இருந்தால் வண்டி இழுக்கும். காம்பராவுக்குள் இருந்தால் ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

புகை வந்தாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள் அடுப்புப் புகை போன்றவற்றால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. 2022இல் காஸ் இல்லாமல் நாடே விறகுக்குத் திரும்பியது. நமக்கோ அன்றும் விறகு, இன்றும் விறகு.

ஆகையால் நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

ஒன்று, தணல் சட்டியைப் படுக்கும் காம்பராவுக்குள் கொண்டுபோகவே கூடாது. குளிருக்குக் கம்பளியும், துணியில் சுற்றிய சுடுநீர்ப் போத்தலும் போதும். போத்தலைப் பிள்ளையின் உடம்பில் படவைக்க வேண்டாம். யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவைத் திறந்து, ஆளை வெளியே தூக்குங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டு, மிலாறைப் பச்சையாக எரிக்காதீர்கள். நனையாத இறப்பில் அடுக்கிச் சில வாரம் காயவிடுங்கள். ஈர விறகின் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை விரட்டவே போய்விடும், புகையும் அதிகம். கவ்வாத்து இலையையும் பொடிக் குச்சியையும் மலையிலேயே விடுங்கள், அது செடிக்குப் பசளை.

மூன்று, களிமண்ணால் செய்த அனகி அடுப்பு 1980களில் இருந்து நம் நாட்டில் இருக்கிறது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு சட்டி கொதிக்கும். மூன்று கல் அடுப்பைவிட விறகு மிச்சம். அதற்கு மேலே புகைபோக்கியும் இருந்தால் இன்னும் நல்லது.

நான்கு, அடுப்பு மூட்ட சொப்பிங் பேக், மருந்துக் கலன் எரிக்காதீர்கள். அந்தப் புகை விறகுப் புகையைவிட மோசம்.

ஐந்து, லயத்து வேலியோரம் கிளிசரியாக் கம்பு நடுங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும். இலை ஆட்டுக்கும் பசளைக்கும் ஆகும், கம்பு விறகாகும். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு கிலோ தூள் காய்ச்சி எடுக்க ஒன்றரை, இரண்டு கிலோ விறகு போகிறது. ஆகவே தொழிற்சாலைக்கும் விறகு வேண்டும், நமக்கும் வேண்டும். நட்டவனுக்குத்தான் நாளைக்கு விறகு.

அந்த மாமியாரும் இந்தக் கூட்டத்தில்தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் பேச்சை மறந்தாலும் அந்தப் பிள்ளையின் முகத்தை மறக்காதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து வையுங்கள்.