பசியாறும் முன்னே சுரக்கும் அமிலம்



வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும். அதனால் மலேசியாவின் லிங்கி, ரந்தாவ், பாகாவ் வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போனார்கள். வயிற்றுக்கு ஒரு குவளை வரக்கோப்பி, அவ்வளவுதான். மரம் வெட்டி முடித்த பிறகுதான் பசியாறல். நடுவில் வயிறு எரியும். தோட்ட மருந்தகத்து டிரஸரிடம் போனால் புட்டியைக் குலுக்கி வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுப்பார். எரிச்சல் அடங்கும், சில நாளில் மறுபடி வரும். ‘நேரத்துக்குச் சாப்பிடாததால் கேஸ்ட்ரிக்’ என்று வீட்டில் தீர்ப்பாகிவிடும்.

அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி.

இரைப்பை ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீரைச் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதைச் சுரக்கும் செல்கள் இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் செறிவாக அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. இறைச்சியைக் கரைக்கும் இந்த அமிலம் இரைப்பையையே கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், உட்சுவரில் படர்ந்திருக்கும் சளிப்படலமும் சில நாளுக்கு ஒருமுறை புதிதாக முளைக்கும் செல்களும்தான்.

இதையெல்லாம் மனிதன் கண்ணால் பார்த்தது ஒரு விபத்தால். 1822இல் அமெரிக்காவின் மேக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆள் பிழைத்தார், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவில்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமோன்ட் அந்தத் துளைவழியே பட்டுநூலில் இறைச்சித் துண்டைக் கட்டி உள்ளே விட்டார், எடுத்துப் பார்த்தார், குறித்துக்கொண்டார். 1833இல் அது நூலாக வந்தது. அந்த ஏழைத் தொழிலாளிக்கு எவ்வளவு மனம் இருந்தது என்று யார் கேட்டார்கள்?

பிறகு ரஷ்யாவின் உடலியல் அறிஞர் பாவ்லோவ். நாய் விழுங்கிய உணவு இரைப்பையை அடையாமல் கழுத்துத் துளைவழியே வெளியே விழும்படி செய்தார். அப்படியும் இரைப்பை சுரந்தது. 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உணவைக் கண்டதும், மணம் பிடித்ததும் மூளை நரம்புவழியே இரைப்பைக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறது. வரக்கோப்பி அதோடு நிற்பதில்லை. கஃபீன் நீக்கிய கோப்பிகூட அமிலத்தைத் தூண்டும். உள்ளே சோறோ ரொட்டியோ இல்லாவிட்டால் அந்த அமிலத்தைத் தணிக்க ஒன்றும் இல்லை. எரிச்சல் தெரிவது அப்போதுதான்.

உணவு வந்து சேர்ந்ததும் இரைப்பையின் அடிப்பகுதி கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது ஹிஸ்டமினைக் கிளப்ப, சுரப்பு பெருகுகிறது. அமிலம் அளவை மீறினால் சோமடோஸ்டேடின் என்ற இன்னொரு ஹார்மோன் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கும்.

அந்தக் கடிவாளத்தை அறுப்பது ஒரு கிருமி. பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. அது இரைப்பையின் அடிப்பகுதியில் குடியேறினால் சோமடோஸ்டேடின் குறையும், கேஸ்ட்ரின் கூடும், அமிலம் வழிந்து சிறுகுடலின் முகப்பைப் புண்ணாக்கும். ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டார். அவரும் அவரோடு ஆய்ந்த ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நமக்கு வேண்டிய செய்தி மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கோ கியான் லீயும் பராசக்தியும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மலேசிய இந்தியர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இக்கிருமியின் தடயம் இருந்தது. மலாய்க்காரர்களிடம் அது மிகக் குறைவு. ஒரே நாடு, ஒரே வெயில், ஏன் இந்த வேறுபாடு? கப்பலேறி வந்த முன்னோர் ஊரிலிருந்தே கிருமியைச் சுமந்து வந்தார்கள், அது அந்தந்தச் சமூகத்துக் குடும்பங்களுக்குள்ளேயே கைமாறியது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுவது இது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்த தோட்டத்து லயத்து வீடுகளை நினைத்தால் இந்த விளக்கத்தை ஒதுக்க மனம் வரவில்லை.

இன்று தோட்டத்தை விட்டுச் சிரம்பான், நீலாய்ப் பக்கம் குடியேறி, செனவாங் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்ப்பவர்களுக்கும் இதே எரிச்சல்தான். வயிறு எரிந்தால் பால் குடிக்கிறார்கள். பால் சற்று நேரம் தணிக்கும், பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் மறுபடி அமிலத்தைச் சுரக்கவைக்கும். மேல்வலிக்குக் கடையில் வாங்கும் ஆஸ்பிரின் வகை மாத்திரைகளோ சளிப்படலத்தின் காவலையே குலைக்கும்.

எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால் வெள்ளை மருந்தோடு நின்றுவிடாதீர்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சை ஊதியே கண்டுபிடிக்கும் சோதனை உண்டு. இருந்தால், ஓரிரு வார மருந்தில் பெரும்பாலோருக்குக் கிருமி ஒழியும். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, இரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.