ஒருவகைப் பறவை
(ஆரணியில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரைநூல்களையும் அகராதிகளையும் புரட்டுவோர்க்கு நன்கு பழகிய தொடர் ஒன்று உண்டு. 'ஒருவகைப் பறவை' என்பது அது. புலவன் கண்ணால் கண்டு, செவியால் கேட்டு, பெயர் சுட்டிப் பாடியதை நாம் இவ்விரு சொல்லில் அடக்கம் செய்துவிடுகிறோம். அப்படி அடங்கிப்போன ஒன்றைத் தோண்டி எடுத்துப் பார்க்கலாம் என்பதே இன்றைய என் முயற்சி.

அதன் பெயர் கணந்துள். குறுந்தொகை 350ஆம் பாட்டில் ஆலந்தூர் கிழார் இதனைக் காட்டுகிறார். வழியோரத்தில் இருக்கிறது, சிறகு அழகியது, கால் நெடியது, ஆள் இருப்பதை அறிவித்து, வழிச்செல்வோரை விலகிப் போகச் செய்கிறது. நற்றிணை 212இலும் அதே நெடுங்கால். அங்கே அது வேட்டுவன் வலைக்கு அஞ்சித் தெளிந்த குரலில் தனித்துக் கூவுகிறது. சுரத்தில் நடக்கும் கூத்தரின் யாழ் நரம்போடு அக்குரல் கலக்கிறது. வேறு வேறு புலவர். அடையாளமோ ஒன்றுபோல் அமைந்திருக்கிறது. இது கற்பனைப் புள் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆள் அறிவிக்கும் என்றவுடன் நம் நாட்டுப்புறத்தார் ஆள்காட்டி என்றுதான் சொல்வர். சொல்லலாம். ஆனால் ஆள்காட்டி இரண்டு. கண்ணுக்கு முன் செந்தோல் தொங்குவதும் கழுத்தும் மார்பும் கரியதுமானது ஒன்று. அது நீர்நிலையை விட்டு அதிகம் விலகாது. மற்றது மஞ்சள் தோலும் கரிய உச்சியும் உடையது; வறண்ட கட்டாந்தரையே அதன் வீடு. போதாக்குறைக்குக் கண்கிலேடி என்றொரு பறவையும் போட்டிக்கு வருகிறது. மண்ணிறமும் பெரிய மஞ்சள் கண்ணும் நெடிய காலும் கொண்டது. பகலில் புதரடியில் அசையாது கிடந்து, அந்தியில் ஓலமிடும்.

கால் நீளம் மூன்றுக்கும் பொருந்தும். நிலமும் செயலுமே வழக்கைத் தீர்க்க வேண்டும். பாட்டின் நிலம் பாலை; எனவே நீரை நாடும் செம்மூக்கன் பின்தங்குகிறது. வழிநடையர் கண்டு விலகுமளவு வெளிப்பட நின்று கூவுவது, ஒளிந்து கிடக்கும் கண்கிலேடியின் இயல்பன்று. மஞ்சள் மூக்கு ஆள்காட்டியே கணந்துள் என்பது என் துணிபு. சுரத்தில் நடக்கும் கூத்தர் கேட்ட குரல் கண்கிலேடியினது என்று எவரேனும் வாதிட்டால், நற்றிணைப் பாட்டளவில் அதை எளிதில் மறுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் தெரிவதால் பறவைக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. வடக்கே கடப்பை மாவட்டத்தைப் பாருங்கள். சென்னைப் படையின் மருத்துவர் ஜெர்டன் கண்ட ஒரு பறவை 1848இல் நூலேறியது. 1900க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தது என்றே பலர் எண்ணினர். 1986 சனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தேடலின்போது, இரவில் விளக்கொளியில் அதைப் பிடித்தவர் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர். இரவில் நடமாடும் பறவையைப் பகலில் தேடினால் எங்ஙனம் கிடைக்கும்? கலிவிப் புதரில் வாழும் கோழி என்னும் பொருளில் அதற்குக் கலிவிக்கோடி என்று தெலுங்கில் பெயர். அது இன்னதென்று தெளிந்த பிறகே அதன் காடு காப்பகமாயிற்று. தெலுங்கு கங்கைக் கால்வாயின் வழியும் மாற்றப்பட்டது. 'ஒருவகைப் பறவை'க்காக எந்த அரசும் கால்வாயைத் திருப்பாது.

இவ்வூரார்க்கு இத்துறையில் ஒரு தகுதி உண்டு. கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று பட்டின் நிறத்தைப் பறவையைக் கொண்டே சொல்லிப் பழகியவர்கள் நீங்கள். அரக்கையும் குங்குமத்தையும் தொலைவிலேயே பிரித்தறியும் கண், ஒரு பறவையின் உச்சி நிறத்தையும் கால் நிறத்தையும் தவறவிடாது. அறியாத பறவையைக் கண்டால் நான்கு செய்திகளை மட்டும் குறித்து வாருங்கள்: நின்ற இடம், நேரம், நிறம், குரல். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசியில் ஊர்ப்புறத் தரிசுகளில் நடப்போர் சற்றுக் கீழே பார்த்து நடக்க வேண்டுகிறேன். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கற்களைப் போலவே நான்கு முட்டைகள் கிடக்கும். தாய்ப்பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் நின்றுவிடுங்கள். முட்டை உங்கள் காலடிக்கு அருகில் இருக்கிறது.