சோப்புக் குமிழி சொல்லும் கணக்கு



பப்பாளி இலைக் காம்பைச் சோப்பு நீரில் தோய்த்து ஊதிக் குமிழி விட்ட இளமைப் பருவம் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம் வீட்டுக் குழந்தைகள், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வளையத்தால் ஊதுகிறார்கள். கருவி மாறிவிட்டது, குமிழி மாறவில்லை. காம்பைச் சாய்வாக வெட்டினாலும், வளையத்தைச் சதுரமாக வளைத்தாலும், பறந்து செல்லும் குமிழி உருண்டையாகவே இருக்கிறது. அஃது ஏன்?

நீரின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. இதனைப் பரப்பு இழுவிசை என்பர். இழுத்துப் பிடித்த ரப்பர்த் தோலைப்போல, சோப்புப் படலமும் சுருங்கவே முயல்கிறது. உள்ளே அடைபட்ட காற்றோ அதனை ஓரளவிற்குமேல் சுருங்க விடுவதில்லை. ஆகவே, அவ்வளவு காற்றையும் மிகக் குறைந்த பரப்பால் மூடும் வடிவத்தைப் படலம் அடைகிறது. 1 லிட்டர் காற்றைக் கனசதுரப் பெட்டியில் அடைக்க 600 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். உருண்டைக்கு ஏறக்குறைய 484 போதும். எல்லா வடிவங்களிலும் உருண்டையே சிக்கனமானது என்பதை 1884ஆம் ஆண்டில் ஹெர்மன் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் ஐயமற நிறுவினார்.

குமிழிகள் பல ஒட்டிக்கொண்டால் என்ன நேரும்? இதை ஆராய்ந்தவர் பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரில் பேராசிரியராயிருந்த ஜோசப் பிளாட்டோ. நாற்பது வயதை ஒட்டி அவர் பார்வையை முற்றிலும் இழந்தார். ஆயினும் ஆராய்ச்சியை விடவில்லை. சோதனைகளை அவர் வகுத்தார். குடும்பத்தாரும் உடன் பணிபுரிந்தோரும் அவற்றைச் செய்து, கண்டதை அவருக்குச் சொன்னார்கள். பிறர் கண்களால் கண்டு, 1873இல் அவர் வெளியிட்ட நூல் இரு விதிகளைக் கூறியது. படலங்கள் ஒரு விளிம்பில் கூடும்போது, மூன்று மட்டுமே 120 பாகைக் கோணத்தில் கூடும். விளிம்புகள் ஒரு புள்ளியில் கூடும்போது, நான்கு மட்டுமே ஏறக்குறைய 109½ பாகைக் கோணத்தில் கூடும். சோப்பு நுரையில் இதற்கு விலக்கில்லை.

இதனை வீட்டிலேயே பார்க்கலாம். ஒளி ஊடுருவும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கிடையே நான்கு ஊசிகளைச் சதுரத்தின் மூலைகளில் நிறுத்திச் சோப்பு நீரில் அமிழ்த்தி எடுங்கள். நான்கு ஊசிகளையும் இணைத்துப் படலம் நிற்கும். ஊசிகளை 100 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு ஊர்களாகக் கொள்வோம். மூன்று பக்கங்களில் சாலை போட்டால் 300 கிலோமீட்டர். குறுக்காக இரண்டு சாலைகள் போட்டால் சுமார் 283. படலம் காட்டும் வழியோ 273தான்! நடுவில் இரண்டு சந்திப்புகள். ஒவ்வொன்றிலும் மூன்று சாலைகள், அதே 120 பாகையில்.

எனினும் ஓர் எச்சரிக்கை. சதுரத்தைச் சற்று நீட்டிச் செவ்வகமாக்கினால், படலம் சில வேளைகளில் குறுகிய வழியை விட்டுச் சற்று நீண்ட வேறொரு வழியில் நின்றுவிடும். அக்கம்பக்கத்து வடிவங்களைவிடத் தான் சிறியதானால் அதற்குப் போதும். அதனினும் சிறியது வேறெங்கேனும் உண்டா என்று அது தேடுவதில்லை. தேடுவது மனிதனின் கடமை. குமிழி சாட்சி சொல்லும்; தீர்ப்பை அறிவுதான் எழுத வேண்டும். பிளாட்டோவின் விதிகளுக்குக் கணித நிரூபணம் தந்தவர் அமெரிக்கரான ஜீன் டெய்லர் அம்மையார், ஆண்டு 1976. இடையே நூற்றுமூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

நேயர்களே, அடுத்த முறை குழந்தை குமிழி ஊதும்போது, தரை நனைகிறதென்று கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, “எத்தனை படலங்கள் கூடுகின்றன, எண்ணிச் சொல்” என்று கேளுங்கள். பார்வையற்ற ஒருவர் பிறரிடம் கேட்டறிந்ததை, கண்ணுள்ள நாம் ஒருமுறையேனும் பார்க்க வேண்டாமா?