சப்பாத்துக்குள் ஒரு கை

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், ஹெந்தளையில், தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1708இல் கட்டி முடித்தது. வத்தளையில் வளர்ந்த உங்களில் பலர் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். உள்ளே போனவர்கள் எத்தனை பேர்?

மருத்துவ மாணவியாக நான் முதன்முதல் அங்கே போனது ஒரு மழைநாளில். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி, நனைந்தபடி போய்ச் சேர்ந்தோம். மாணவர்கள் ஆறு பேரும் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கட்டில்களில் முட்டாமல் நின்றோம். முதியவர் ஒருவர் வெளியே நடக்கப் புறப்பட்டார். “கொஞ்சம் இருங்க, சீயா” என்றார் தாதி மிஸ்ஸி ஒருவர், சிங்களத்தில். குனிந்து அவருடைய சப்பாத்தை எடுத்தார். உள்ளே கையை விட்டு, குதிக்காலிலிருந்து நுனிவரை விரல்களால் மெல்லத் தடவினார். நுனியில் ஒரு சின்ன ஆணி. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சப்பாத்தை அவர் காலில் மாட்டிவிட்டார்.

தொழுநோய் நரம்பைத் தாக்கும். உணர்ச்சி செத்த காலில் ஆணி குத்தினால் தெரியாது. நாள் முழுக்க அதன்மேலேயே நடப்பார், புண் எலும்புவரை போகும். அவருக்கு வராத வலியைத் தன் விரல் நுனியில் தேடினார் அந்த மிஸ்ஸி. நாங்கள் ஆறு பேரும் இரக்கத்தோடுதான் நின்றோம், எனக்குக் கண்கூடக் கலங்கியது. அந்த இரக்கம் ஆணியைப் பிடுங்கவில்லை.

பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் வங்கியிலும் அலுவலகத்திலும் பாடசாலையிலும் இருப்பீர்கள். எரிந்து விழும் மேலதிகாரி, வாய் திறக்காத சக ஊழியர், வீட்டிலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும் தம்பி. எங்கே குத்துகிறது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்தில் போய் உட்காருங்கள். புத்தி சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

தொழுநோயாளர் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இலங்கை 1995இலேயே எட்டிவிட்டது. மருந்து இலவசம். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ ஒழுங்காகக் குடித்தால் குணம். இருந்தும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர்களைக் கண்டுபிடிக்கிறோம். பலர் பிந்தியே வருகிறார்கள். “ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?” என்று அவர்களிடம் கடிந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். இப்போது, “உங்களோட இதை யார் சுமக்கிறாங்க?” என்றுதான் கேட்கிறேன்.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பிள்ளை, மூன்று வருடமாக நீளக்கைச் சட்டையால் தேமலை மறைத்தவள், சொன்னாள்: “ஒருத்தருக்கும் தெரியாது, டொக்டர். தெரிஞ்சா பக்கத்து மெஷின்ல இருக்கிறவ எழும்பிப் போயிடுவா.”

“அவவையே கூட்டிட்டு வர விருப்பமா?” என்று கேட்டேன். யோசித்து, அடுத்த மாதம் கூட்டி வந்தாள். மருந்து தொடங்கியதும் நோய் தொற்றாது என்று விளக்கினேன். வந்தவள் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சிநேகிதியின் பக்கம் திரும்பினாள்.

“மருந்துக் கார்டை வீட்டுல ஒளிச்சா வைக்கிற? என்ட லொக்கர்ல வைக்கட்டா? சாப்பாட்டு நேரம் நானே எடுத்துத் தாறேன்.”