காப்பிக்கு ஏற்ற கோப்பை



காப்பியின் சுவையைப் பற்றிப் பேசுவோர் பலர். அதனை ஏந்தும் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. டவராவும் டம்ளரும் நம் ஊர்களிலிருந்து நம்முடன் வந்தவை. ஆற்றிக் குடிப்பதற்கு அவற்றினும் சிறந்தவை இல்லை. ஆயினும், விருந்தினர் வந்தால் பீங்கான் கோப்பையை எடுக்கும் வழக்கம் நம் இல்லங்களிலும் வேரூன்றிவிட்டது. ஆதலின், அதனைத் தேர்ந்து வாங்கும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

பீங்கானுக்கு அடிப்படை வெண்களிமண். சீன நாட்டின் காவோலிங் குன்றின் பெயரால் உலகம் அதனைக் 'கயோலின்' என்றழைக்கிறது. அம்மண் நமக்கு அயலானதன்று; நம் திருவனந்தபுரத்தை அடுத்த தோன்னக்கல்லிலும், கொல்லத்துக்கு அருகே குண்டறாவிலும் கிடைப்பதே. அதனை அடிப்படையாகக் கொண்ட கலவையை 1300 பாகை செல்சியஸ் அளவான வெப்பத்தில் சுடும்போது, கண்ணாடி போல் இறுகி, நீரை உறிஞ்சாத தன்மை பெறுகிறது.

கடையில் கோப்பையை நகத்தால் தட்டிப் பாருங்கள். மணியோசை எழ வேண்டும். ஒலி கரகரத்தால் கீறல் இருக்கலாம். அடி வளையத்தில் மெருகில்லாத இடத்தில் ஒரு துளி நீர் விட்டால், அது உள்ளே ஊறலாகாது. கைப்பிடி இணைந்த இடத்தில் வெடிப்பு இருத்தல் கூடாது. உட்புறம் வெண்மையாகவே இருக்கட்டும். தரமற்ற வண்ணப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக் கூடும். நமது காப்பிக்கு 150 மில்லி லிட்டர் அளவு போதும். ஊற்றுமுன் வெந்நீரில் அலசிக்கொண்டால் சூடு நிற்கும். மரக்கறி உணவினர் மற்றொன்றையும் அறிதல் நன்று: 'போன் சைனா' எனப்படும் வகையில் ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பலே.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். டம்ளரை நாம் தூக்கிக் குடித்தோம். கோப்பையையோ உதடு படாமல் குடிக்க இயலாது. அதனால் எச்சில் என்னும் தயக்கம் எழுகிறது. அத்தயக்கத்தைச் சாக்காகக் கொண்டு, வீட்டாருக்கு ஒரு கோப்பை, வேலை செய்ய வருவோருக்கு ஓரத்தில் வைத்த வேறொன்று என்று பிரித்துவிடுகிறோம். தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த கொடுமைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

நமது தம்பானூரிலேயே இதற்கு விடை இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அமைத்த செங்கற் சுருள் கட்டடத்தில், தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இந்தியன் காப்பி ஹவுஸைப் பாருங்கள். இரயிலிலிருந்து இறங்கிய பயணியும், அலுவலரும், சுமை தூக்குவோரும் அங்கே ஒரே வகைக் கோப்பையில் அருந்துகின்றனர். அவரவர் வீட்டிலிருந்து கோப்பை கொண்டு வருவாரில்லை. மெருகு கெடாத பீங்கானில் எதுவும் ஊறித் தங்குவதில்லை. சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவினால் அது முழுத் தூய்மை பெறும். நாம் விலக்கி வைப்பது அழுக்கை அன்று, ஆளையே.

ஆகவே, கோப்பை வாங்கும்போது ஒரே வகையில் எல்லாருக்கும் போதுமானவற்றை வாங்குவோம். நாளைக் காலை நம் வாசல் பெருக்க வரும் அம்மையாருக்கும் அவற்றுள் ஒன்றிலேயே காப்பி கொடுப்போம். நம் குழந்தைகள் அதனைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்.